முனை மடித்த பக்கம்

அந்த மர்ம நாவலாசிரியர் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் மனைவிதான். கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால், அந்தப் பக்கத்தின் முனையை மடித்து அவருடைய நாற்காலியில் வைத்துவிடுவாள். அவர் மடிப்பை நீவிவிட்டு, கொலைகாரனை மாற்றி எழுதுவார். லட்சக்கணக்கில் விற்றவையெல்லாம் அப்படி வந்தவைதான்.

அவர் இறந்த பிறகு நூலகத்துக்குப் போனாள்.

"அவர் மாதிரி எழுதறவங்க யாராவது இருந்தா குடுங்க."

"இவர் பரவாயில்லம்மா. ஆனா உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிக்க முடியாது," என்று நூலகர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சமையல்காரன்தான் கொலைகாரன் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் முனையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது மடிப்பு நீவப்பட்டிருந்தது. மீதியைப் படித்தாள். கடைசியில் மாட்டியவர் டாக்டர்.

"டாக்டரா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல," என்று நூலகரிடம் சொன்னாள்.

"எந்த டாக்டர்? சமையல்காரன்தானேம்மா." அலமாரியிலிருந்த இன்னொரு பிரதியைப் பிரித்துக் காட்டினார். அதில் சமையல்காரன்தான்.

அவள் இருப்பதிலேயே தடிமனான நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு வரிகூடப் படிக்காமல் முதல் பக்கத்தின் முனையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"இது தேறாதுங்க. மொதல்லேருந்து எழுதுங்க," என்றாள்.