மூன்று வேலை நாட்கள்

கணவர் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையை, அவர் இறந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை அவள் வங்கியில் போட்டாள். இறந்ததை அங்கே சொல்லவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“மூணு நாள்ல கிளியர் ஆயிடும்மா. பெரிய தொகைங்கறதால சாருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுப்போம்” என்றார் கவுண்டர் ஊழியர்.

வீட்டுக்கு வந்ததும் கணவரின் போனைக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

“அண்ணன் குரல் எனக்கு வந்துடும் அண்ணி. அந்தக் கடுகடுப்புதான் வராது” என்றான் அவன்.

மூன்று நாளும் போனை அவன் கீழே வைக்கவில்லை. அது ஒலிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பயந்துகொண்டே வங்கிக்குப் போனாள்.

“பணம் ஏறிடுச்சும்மா. காலையிலதான் சார்கிட்ட பேசினேன். ‘என் கையெழுத்துதான்யா, எத்தனை தடவை கேப்பீங்க’ன்னு எரிஞ்சு விழுந்தார்.”

அவள் கிளம்பத் திரும்பினாள்.

“உட்காருங்கம்மா. நீங்க வந்தா இருக்கச் சொன்னார். பஸ் ஏறிட்டாராம்.”

வாசலுக்கு முதுகைக் காட்டியிருந்த நாற்காலியாகப் பார்த்து அவள் உட்கார்ந்தாள்.