இருக்கறதிலேயே பெரிய லென்ஸ்

"சார், இந்தக் கடையில இருக்கறதிலேயே பெரிய லென்ஸ் எது?"

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் அந்தக் கடையில் கேட்கவே கூடாத கேள்வி அது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கேட்ட பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல உன் கேமரா என்னன்னு சொல்லும்மா. அப்புறம்தான் லென்ஸ்."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது.

"இது எதுவா இருந்தா என்ன சார்? லென்ஸ் பெரிசா, நீளமா இருந்தா போதும்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. தொழில் வட்டாரத்தில் அவருக்குப் 'பொருத்தம்' என்று பட்டப்பெயர். கேமராவுக்கும் லென்ஸுக்கும் பொருத்தம் பார்க்காமல் ஒரு மூடியைக்கூட விற்க மாட்டார். அவருடைய பிரசங்கத்துக்குப் பயந்தே பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒன்று படுத்துக் கிடந்தது.

"அதுதான் பெரிசு. ஆனா அதோட வளையம் உன் கேமராவுல உட்காரவே உட்காராது."

"பரவாயில்ல சார்."

"நடுவுல அடாப்டர் போட்டு உட்கார வெச்சாலும், தானா ஃபோகஸ் ஆகாது. மோட்டார் போயிடுச்சு."

"பரவாயில்ல சார்."

"உள்ளே கண்ணாடியெல்லாம் பூஞ்சை! எதிர்ல இருக்கறவன் பனிமூட்டத்துல நிக்கற மாதிரி தெரிவான்."

"அப்போ விலை கம்மியா இருக்குமே சார்!" என்றாள் அவள் ஆவலாக.

கடைக்காரருக்கு வந்ததே கோபம்.

"நீ என்ன தொழில் பண்றே?"

"கல்யாண போட்டோ எடுக்கறேன் சார்."

"விளங்கிடும்! எந்த லென்ஸ் எதுல மாட்டும்னுகூடத் தெரியாது, ஆனா கல்யாணம் எடுக்கக் கிளம்பிடறது. நான் விக்க மாட்டேன்மா. வேற கடையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"சார், இன்னிக்கு சாயந்தரம் பெரிய லென்ஸோட போய் நிக்கலைன்னா, இந்த ஆர்டரும் போயிடும். வரிசையா எல்லாம் கைநழுவிப் போயிட்டிருக்கு. இதுவும் இல்லைன்னா இந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு போட்டுட்டு வேற வேலை தேடணும்." கடைசி வார்த்தைகளில் குரல் தழுதழுத்துவிட்டது.

"படமே விழாத லென்ஸை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?"

"அதுல படம் எடுக்கப் போறதில்ல சார். கழுத்துல மாட்டிக்கப் போறேன்."

"என்னது?"

"படமெல்லாம் இந்தச் சின்னதுலதான் எடுப்பேன். ஆனா இதை வெளியே எடுத்ததுமே வீட்டுக்காரங்க முகம் சுருங்கிடுது. 'எங்க சித்தப்பா பையன்கிட்டயே இதைவிடப் பெரிசு இருக்கே'ங்கறாங்க. எடுத்த படத்தை யாரு பார்க்கறா சார்?"

சொல்லிவிட்டுத் தன் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். கடைக்காரர் வேண்டாவெறுப்பாக அதை வாங்கி, அவள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

ஒரு படத்தில், நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு பெரியப்பா. அவர் மடியில் அதே மாதிரி வாயைப் பிளந்து தூங்கும் குழந்தை. கடைக்காரர் தன்னை மறந்து சிரித்தார். அடுத்த படத்தில், கல்யாணப் பெண்ணின் அப்பா கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் தள்ள மனசு வரவில்லை.

"இதெல்லாம் இந்தச் சின்ன கேமராவுலயா எடுத்தே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான். இத்தனை நேரம் அவள்மேல் இருந்த கோபம் அப்படியே திசை மாறியது.

"அந்த ஜனங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா? இப்படி எடுக்கற கையை விட்டுட்டு லென்ஸ் நீளத்தை அளக்கறானுங்களா? முழம் போட்டு அளக்க இது என்ன துணிக்கடையா?"

எழுந்து உள்ளே போனார். உதிரிக் குவியலை உருட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய பழைய கேமராவோடு திரும்பி வந்தார். அலமாரியிலிருந்து அந்த லென்ஸை இறக்கித் துடைத்து, அதில் வைத்துத் திருகினார். 'டக்'கென்று உட்கார்ந்தது.

"இந்த கேமராவும் ஓடாது. செத்த கேமராவுக்குச் செத்த லென்ஸ். அமோகப் பொருத்தம்! எடுத்துட்டுப் போ."

"எவ்வளவு சார்?"

"ஒண்ணும் வேணாம். ஆர்டர் கைக்கு வந்ததும் திருப்பிக் குடுத்துடு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவில் பார்த்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள் பயப்படும்படிதான் இருந்தது.

"ஒண்ணு மட்டும் பண்ணும்மா," என்றார் கடைக்காரர், இன்னும் ஆறாமல். "இந்த ஆர்டரைக் குடுக்க மாட்டேங்கற ஆளு யாருன்னு என்கிட்ட காட்டு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"அவரை நானே பார்த்ததில்ல சார். வீட்டம்மாவைத்தான் பார்த்தேன். படமெல்லாம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. அவருதான் போன்லயே வேணாம்னுட்டாரு."

"படத்தைக்கூடப் பார்க்காமலா? அந்த அம்மா பாவம்! எப்படித்தான் இப்படி ஒரு முட்டாளோட குடித்தனம் பண்றாங்களோ!"

அவள் சிரித்தபடி கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமா கடையை மூடிட்டு வாங்க. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறேன்னு நேத்து ஒரு பொண்ணு வந்ததே... 'அத்தனூண்டு கேமராவா, சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க, அனுப்பிடு'ன்னு போன்லயே கத்தினீங்களே... அது உங்ககிட்ட காட்டறதுக்குன்னே பெரிய லென்ஸோட வருதாம்!"