தயாளனின் மூன்றாவது இன்டர்வியூ

“டைய அவுருங்கப்பா. பாத்த உடனே திமிர் புடிச்ச ஆளுன்னு நெனைப்பாங்க.”

தயாளன் மனமில்லாமல் டையை அவிழ்த்தார். எழுபத்தொரு வயதில், இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று மகளிடம் பாடம் கேட்க வேண்டியிருந்தது.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு இருபத்தெட்டு வருடம் ஆள் எடுத்தவர் அவர். கதவைத் திறந்துகொண்டு வரும் நடையிலேயே ஆளை எடைபோட்டுவிடுவார் என்று பேர். அப்படிப்பட்டவருக்கு இந்த ஒரே மாதத்தில் இரண்டு முறை ‘வேண்டாம்’ என்று பதில் வந்திருந்தது.

முதல் தடவை போனில். பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே, “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று இவர் கேட்டார். லைன் கட்டாகிவிட்டது.

இரண்டாவது தடவை நேருக்கு நேர், பட்டர்வொர்த்தில் ஒரு மாடி அலுவலகத்தில். உள்ளே போனவர் பழக்கதோஷத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போய், சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இன்று வீடியோவில்.

“இதான்ப்பா கடைசி,” என்றாள் ஷர்மினி. “என் லீவு இந்த வாரத்தோட முடியுது. இதுவும் சரியா வரலன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட ஜோகூருக்கு வந்துடணும். அம்மா போனப்பவே சொன்னேன்.”

மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. டத்தோ கெராமாட் சாலையில் இருக்கும் இந்த வீட்டில் அவள் கடைசியாக மாட்டிய திரைச்சீலையைக்கூடத் தயாளன் இன்னும் துவைக்க விடவில்லை. ஜோகூர் என்ற பேச்சு வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இன்று போகவில்லை.

“கேளு, சொல்றேன்,” என்றார்.

“கோவம் வருமா?”

“வராது.”

“அத ஏன் கோவமா சொல்றீங்க? கொஞ்சம் சிரிங்கலா.”

சிரித்தார். ஷர்மினி முகத்தைச் சுளித்தாள்.

“சரி, சிரிக்க வேணாம். வயசு?”

“அறுவத்தாறு.”

“அப்பா! பொய் சொல்லக் கூடாது. அப்புறம், ஞாயித்துக்கிழமை பத்தி வந்துச்சுன்னா யோசிக்காம சரின்னுடுங்க.”

“எல்லாத்துக்கும் தலையாட்டினா அதுக்குப் பேரு இன்டர்வியூவா? நான் எத்தன பேர…”

“அதெல்லாம் அப்போ.”

பத்து மணிக்குத் திரையில் ருக்குமணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம், கையில் பேனா. தயாளன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வணக்கம் ஐயா. வயசு என்னா?”

“எழுவத்தொண்ணு.”

“ஒடம்புக்கு?”

“சக்கரை இருக்கு. ஆனா மாடி ஏறுவேன், எறங்குவேன்.”

“ஞாயித்துக்கிழமை…”

“சரி,” என்றார், கேள்வி முடிவதற்குள்.

கணினிக்குப் பின்னாலிருந்து ஷர்மினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

“ஏற்கெனவே ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்கன்னு ஏஜென்ட் சொன்னாரு. ஏன் ஐயா?”

“அவங்க என்னைய கேக்கறதுக்குள்ள, நான் அவங்கள கேள்வி கேட்டுட்டேன்.”

ருக்குமணி சிரிக்கவில்லை. “கோவம் வருமோ?”

‘வராது’ என்று ஷர்மினி வாயசைத்தாள். தயாளன் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“வரும்,” என்றார். “நாப்பது வருஷம் வீட்டுக்காரி மேலதான் காட்டினேன். அவ ஒரு நாள்கூடத் திருப்பிப் பேசல. இப்ப கோவம் வந்தா, வாயத் தொறந்துட்டு அப்படியே நிக்கிறேன்.”

ஷர்மினி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ருக்குமணி நோட்டில் எதையோ எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார்.

தயாளனுக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான். எத்தனையோ பேரை இப்படி எதிரே உட்காரவைத்துவிட்டு, நிதானமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் உள்ளங்கை இப்படி வியர்த்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

“எல்லாரும் வராதுன்னுதான் ஐயா சொல்லுவாங்க,” என்று ருக்குமணி பேனாவை மூடினார்.

“சரி, திங்கக்கிழமையே உங்க வீட்டுல சமைக்க வந்துடறேன், ஆனா மொத மூணு மாசம் உங்கள வச்சிப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்.”