பச்சைக் கோடு

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த நான்காவது மாதம், டப்பிங் அறையின் மைக் முன்னால் மறுபடி நிற்கிறாள் அவள். திரையில் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்: ஆன்லைன் விளையாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை. விழுந்து கிடக்கும் வீரனின் தலைக்கு மேல், மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு சிவந்து, நூலாய் இளைத்துவிட்டது. அவள் குரல் கொடுக்கும் வைத்தியக்காரி மந்திரக்கோலை உயர்த்தி வாய் திறக்கிறாள். "எந்திரிடா, ஆட்டம் இன்னும் முடியல!" கடைசிச் சொல்லில் குரல் பிசிறடிக்கிறது. கோடு மெல்லப் பச்சையாகி நீள்கிறது. வீரன் முழங்கையை ஊன்றுகிறான். அவளோ வசனத்தாளில் அதே வரியில் மறுபடி விரலை வைக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர், நன்றாகப் பேசினாலே ஐந்து டேக் வாங்குகிற மனுஷர். "இன்னொரு தடவை பேசிடறேன் சார்" என்று முந்திக்கொள்கிறாள். ஹெட்போனில் அவர் குரல் கேட்கிறது: "எதுக்கும்மா? அதான் அவன் எந்திரிச்சுட்டானே!"