ஆறாம் அறைக்கு மட்டும்

ஐந்து அறைகளுக்கு வாய் ஓயாமல் பேசிய மிஷின், ஆறாம் அறை என்றால் மட்டும் ஊமையாகிவிட்டது.

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தக் கடை போட்ட பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை இது. டாக்டர் தன் மேஜையில் இருக்கும் பட்டனை அமுக்கினால் போதும், அந்த அறை வாசலில் விளக்கு எரியும். இரண்டு நொடியில் "கண் டாக்டர் அறை, டோக்கன் ஏழு" என்று ஆஸ்பத்திரிக் கூடத்தின் நாலு மூலை ஸ்பீக்கரும் கூப்பிட வேண்டும். குரல் அவன் மனைவியுடையது. சத்தம் வரக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க மூன்று நாள் பதிவு செய்தார்கள்.

"பன்னிரண்டு மணிக்கு வந்து பார்ப்பேன்" என்று ஆஸ்பத்திரி சூப்பிரண்டு காலையிலேயே சொல்லிவிட்டார். "ஒரு ரூமுக்குப் பேசலைன்னாலும் மொத்தத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

மணி பத்தேகால்.

பதிவு செய்த குரலை எடுத்துக் கொடுக்கும் பிளேயர் போர்டு தீப்பெட்டி அளவுதான். அதிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும் வயரை இரண்டாவது முறையாக ஈயம் வைத்துப் பற்ற வைத்தான். மெமரி கார்டை மாற்றினான். ஆறாம் அறைப் பட்டனையே மாற்றினான். கூடம் காலியாக இருந்த காலை நேரத்தில் எல்லாம் கணீரென்று பேசியது. ஆள் வந்து உட்கார்ந்ததும் ஆறு மட்டும் மௌன விரதம்.

"என்ன தம்பி, இன்னும் சரியாகலையா?" ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கும் டோக்கன் அக்கா கேட்டாள்.

"ஆயிடும்க்கா."

"ஆகலைன்னா விடுங்க. ஆறுக்கு நான் போய்க் கூப்பிட்டுக்கறேன். எனக்குக் காலென்ன தேய்ஞ்சா போகும்?"

சொல்லிவிட்டு ஆடி அசைந்து ஒரு பெஞ்சுக்குப் போவாள். யார் காதிலோ குனிந்து ஏதோ சொல்வாள். திரும்பி வருவாள். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாட்டாமை செய்தவள், மிஷின் வந்தால் விடுவாளா?

சந்தேகம் வந்ததும், ஸ்க்ரூ டிரைவர் தேடுவதுபோல் மேஜைக்குக் கீழே குனிந்தான்.

ஆறாம் அறை விளக்கு எரிந்தது. அக்காவின் கை ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் போனது. அவன் பற்ற வைத்த வயரின் பின்னைப் பாதி உருவினாள். விளக்கு அணைந்ததும் மறுபடி செருகினாள். பத்து வருஷம் சர்வீஸ் பார்த்தவளைப்போல அவ்வளவு சுத்தம்.

"அக்கா, நீங்கதானா அது?"

"மெதுவா பேசுங்க தம்பி. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க நாற்காலியைக் காப்பாத்திக்க என் பொழைப்புல கை வைப்பீங்களா?"

நேராக சூப்பிரண்டு அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டான். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீங்க போய் ஸ்டோர்ல உட்காருங்கம்மா. இந்த வேலை உங்களுக்கு வேணுமா வேணாமான்னு அப்புறம் பேசலாம்."

அக்கா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சார், ஆறுல அடுத்தது நாலாம் டோக்கன்..." என்றாள்.

"அதை மிஷின் பார்த்துக்கும். போங்க."

பதினொன்றே முக்காலுக்கு ஆறாம் அறை விளக்கு எரிந்தது. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மனநல டாக்டர் அறை, டோக்கன் நாலு."

கொஞ்சம்கூட இரைச்சல் இல்லை. அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. யாரந்த நாலு என்று பார்க்கத்தான். மூன்றாவது பெஞ்சில் பாதி எழுந்த ஒரு அம்மா அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த அவள் மகள் சீட்டைக் கைக்குள் கசக்கி மறைத்தாள்.

"மனநல டாக்டர் அறை, டோக்கன் நாலு."

"பார்த்தா நல்லாத்தானே இருக்கு அந்தப் பொண்ணு" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

மெக்கானிக் பின்னாலேயே ஓடினான். "அம்மா, நாலு நீங்கதானே?"

"நாங்க இல்லைப்பா" என்றாள் தாய். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆறாம் அறை டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். "நாலு வரலையா? மூணு மாசமா வர மாட்டேன்னு அடம் பிடிச்ச பொண்ணு. இன்னைக்குத்தான் வர்றேன்னு சம்மதிச்சுது."

மெக்கானிக்குக்கு அவமானமாக இருந்தது. டாக்டர் பேரை அழித்துவிட்டு அறை நம்பரை மட்டும் சொல்ல வைக்கலாமா என்று யோசித்தான். ஆறு என்றாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், கதவுக்கு மேலேதான் 'மனநலம்' என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்குகிறதே.

"அம்மா, ஒரே நிமிஷம் வாசல்ல நில்லுங்க. டோக்கன் அக்கா வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க" என்று கெஞ்சினான். "அந்தக்காவா?" என்று அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் உள்ளே ஓடி வரவும் மணி பன்னிரண்டு அடிக்கவும் சரியாக இருந்தது. சூப்பிரண்டு வந்து நின்றுவிட்டார். அவர் சொன்னபடி டாக்டர்கள் வரிசையாகப் பட்டனை அமுக்கினார்கள். ஐந்து அறைக்கும் மிஷின் பேசியது. ஆறாவது விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

"ஏன் பேசலை? அந்தம்மாவைத்தான் அனுப்பியாச்சே?"

ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் இருந்த கையை வெளியே எடுக்காமலே மெக்கானிக் சொன்னான்:

"அக்கா மேல நான் பழி சொன்னது தப்பு சார், கோளாறு என் மிஷின்லதான். நான் கழட்டிக்கிட்டுப் போயிடறேன். அக்காவை மட்டும் சீக்கிரம் கூப்பிடுங்க, வாசல்ல ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."