கன்னி மூலையில் சோலார்

வெயில் வாஸ்து பார்த்து அடிப்பதில்லை. இதை அன்னம்மாளிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று லாவண்யாவுக்குத் தெரியவில்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த வீட்டு மொட்டை மாடிக்கு அவள் வந்து அரை மணி நேரமாகிறது. சோலார் கம்பெனியில் அவள் வேலையே இதுதான். வீடு வீடாகப் போய் மாடியை அளப்பாள். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று பார்ப்பாள். மாதம் இத்தனை யூனிட் கரெண்டு வரும் என்று எழுதிக் கொடுப்பாள்.

இந்த மாடியில் கிழக்குப் பக்கம் காலியாகக் கிடந்தது. சாயங்காலம் வரை தடையில்லாத வெயில். வீட்டுக்காரர் கோதண்டராமனுக்கும் அந்த இடம்தான் பிடித்திருந்தது. ரிட்டயரானபோது வந்த பணத்தில் போடுகிறார், ஒரு யூனிட்கூட வீணாகக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

அவர் மனைவி அன்னம்மாள்தான் ஒரே பிடியாக நின்றாள். பேனல் எல்லாம் தென்மேற்கு மூலையில், அங்கே வாடகைக்கு விட்டிருக்கும் தகரக் கூரை போட்ட ஷீட் ரூமுக்கு மேலேதான் வரவேண்டுமாம். கன்னி மூலையில் பாரம் இருந்தால்தான் வீடு விளங்குமாம்.

"ஆன்ட்டி, அந்த மூலைக்கு மூணு மணிக்கு மேல வெயில் கிடையாது. பக்கத்து பில்டிங் நிழல் வந்துடும். கரெண்டு அஞ்சுல ஒரு பங்கு குறையும்."

"குறையட்டும். ஸ்வல்ப மெதுவா பேசும்மா. எனக்குக் காது கேக்குது."

லாவண்யாவுக்குச் சுருக்கென்றது.

அவள் கவலை அவளுக்கு. போன மாதம் ஒரு வீட்டில் அவள் எழுதிக் கொடுத்த அளவுக்குக் கரெண்டு வரவில்லை. அந்த வீட்டுக்காரர் ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இன்னொரு புகார் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இன்றைக்கு வாஸ்துவுக்குத் தலையாட்டிவிட்டு, நாளைக்கு இதே அம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றால் பழி அவள் தலையில்தான் விடியும்.

பாரம்தானே வேண்டும், அந்த மூலையில் நாலு கருங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் ஆயிற்று என்று சொல்லிப் பார்த்தாள். கல் வேறு, பேனல் வேறு என்றாள் அன்னம்மாள். தனியாக இரும்புச் சட்டம் அடிக்கச் செலவாகும் என்றாள் லாவண்யா. ஆகட்டும் என்று பதில் வந்தது.

வீடு கட்டும்போது வராத வாஸ்து இப்போது எங்கிருந்து வந்தது என்று கோதண்டராமன் கேட்டார். அன்னம்மாள் அசரவில்லை. போர்வெல் வற்றியது, பெரியவனுக்கு வரன் தட்டிப் போவது, அவருடைய முட்டி வலி, எல்லாவற்றுக்கும் அந்த மூலைதான் காரணம் என்றாள். முட்டி வலி என்றதும் மனிதர் ஆடிப்போனார். அவள் சொல்கிற இடத்திலேயே போட்டுவிடும்படி லாவண்யாவிடம் சொல்லிவிட்டு, கீழே காலிங் பெல் அடிக்கவே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

சூரியனையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாலும் இவர்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று லாவண்யா மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு ஷீட் ரூம் பக்கம் போனாள். கூரை தாழ்வாக இருந்தது. ஓரத்தைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது. பெங்களூரில் ஃபேனே வேண்டாம் என்று பெருமை பேசிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. தகரத்தின் மேல் சாக்குகளைப் பரப்பியிருந்தார்கள்.

அதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று சொல்லத் திரும்பினாள். அதற்குள் அன்னம்மாள் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, ஸ்டூலில் ஏறி, சத்தம் வராமல் மொண்டு மொண்டு சாக்குகளை நனைக்கத் தொடங்கியிருந்தாள்.

ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெறும் தரையில் படுத்து, ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே புரண்டுகொண்டிருந்தார்.

"உத்தமன்னு பேரு. பீன்யாவுல ஒரு ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட்," என்று கிசுகிசுத்தாள் அன்னம்மாள். "பகல்லதான் தூங்கணும். இந்தத் தகரத்துக்குக் கீழ எங்க தூங்குறது? போன வாரம் மிஷின் முன்னாடியே கண்ணு சொருகிடுச்சாம். விரல் தப்பிச்சது பெரிசு."

"அப்போ வாஸ்து, ஆன்ட்டி?"

"குடியிருக்கறவருக்காகன்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு அம்பது கேள்வி கேப்பாரு. வாஸ்துன்னா ஒரு கேள்வியோட விட்டுடுவாரு."

லாவண்யாவுக்கு வெட்கமாக இருந்தது. கூரையின் நீள அகலத்தை இன்னொரு தடவை அளந்தாள். பேனலை ஒரு முழம் உயர்த்தி, நாலு பக்கமும் கொஞ்சம் நீட்டிப் போட்டால் தகரத்தில் உச்சி வெயில் படாது என்று தோன்றியது.

"ஆனா கரெண்டு குறையும்னு ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும் ஆன்ட்டி" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"கரெண்டு எவ்வளவு வரும்னு அவருக்கு எழுதிக் குடும்மா. நிழல் எவ்வளவு விழும்னு எனக்குச் சொல்லு."