வீட்டுக்கு அனுப்பும் படம்

"யாரு உங்களை அதுக்குள்ள துணி மாத்தச் சொன்னது? ஊக்கு, பட்டன் எல்லாம் படத்துல விழும். கழட்டிட்டு ஆஸ்பத்திரி கவுனைப் போடுங்க."

டெய்லரம்மா அசையவில்லை. சொந்தத் துணியில், வாரிய தலையுடன், கட்டில் விளிம்பில் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். "இந்த ஒரு படம் சுத்தமா வந்தா வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் வாயாலயே சொல்லிட்டார், எக்ஸ்ரேம்மா. பொண்ணு கீழ செருப்போட நிக்கிறா."

"செருப்பு எங்கயும் ஓடிடாது. கழட்டுங்க."

காற்றில் பரவும் நுரையீரல் தொற்றுக்காரர்களை அடைத்து வைத்திருக்கும் அறை அது. எக்ஸ்ரே மெஷின் உள்ளே வருவதில்லை; கண்ணாடிக் கதவுக்கு வெளியே சக்கரத்தில் நிற்கும், கதிர் மட்டும் கண்ணாடியைத் தாண்டி வரும். உள்ளே வருவது படம் பதியும், உறை போட்ட தட்டும், கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் எக்ஸ்ரேக்காரியும்தான்.

மெஷினைத் தள்ளுவதும் பொத்தானை அமுக்குவதும் தள்ளுவண்டி அண்ணனின் வேலை. சுவரில் இருந்த ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது. "உள்ள கதை பேசவா போன? காலைலேர்ந்து செக்கப்புன்னு நம்ம ஸ்டாஃபை ஒவ்வொருத்தரா நிக்க வெச்சுப் படம் எடுத்து, கடைசியா உன்னையும் எடுத்து, இடுப்பு கழண்டு கிடக்கேன்."

"வருஷத்துல ஒரு நாள் வேலை பார்த்தா அப்படித்தான் இருக்கும்ணே."

டெய்லரம்மா சிரித்தாள். இருமாமல் சிரித்தாள். அதைக் கவனித்தபோது அவளுக்கே தன் வீட்டுக் கதவு திறந்த மாதிரி இருந்தது.

எக்ஸ்ரேக்காரி அவள் முதுகுக்குப் பின்னால் தட்டைச் செருகினாள். எலும்பில் பட்ட குளிர்ச்சியில் டெய்லரம்மா நெளிந்தாள். "உங்க வாண்டு எப்படி இருக்கா?"

"அதை ஏன் கேக்குறீங்க. ராத்திரி பூரா என் கழுத்துல மூக்கை வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. கொஞ்சம் தள்ளிப் படுத்தா ஊரையே கூட்டிடுவா."

"குடுத்து வெச்சவங்க. நான் என் பொண்ணைத் தொட்டு ரெண்டு மாசம் ஆச்சு."

எக்ஸ்ரேக்காரி ஒதுங்கி நின்றுகொண்டாள். "மூச்சை இழுங்க. பிடிங்க. அப்படியே இருங்க... விடுங்க."

கதவு இடுக்கில் உறையைப் பிரித்துப் பிடித்தாள். வெளியே அண்ணன் உறையைத் தொடாமல் தட்டை மட்டும் உருவி, வண்டியில் இருந்த அடுக்கில் செருகினார். கையுறை மாற்றிக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, தட்டைப் படித்துத் திரையில் காட்டும் பெட்டிக்குள் விட்டார். திரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார்.

டெய்லரம்மாவின் நெஞ்சை எக்ஸ்ரேக்காரிக்கு மனப்பாடமாகத் தெரியும். இடது பக்கத்தில் மூடுபனி மாதிரி ஒரு வெண்மை. வாராவாரம் அது கரைவதைப் பார்த்து வந்திருக்கிறாள். இப்போது இடது பக்கம் துடைத்துவிட்டது போல் இருந்தது. ஆனால் வலது பக்கம், தோள் எலும்புக்குக் கீழே, வெள்ளை வளையத்துக்குள், நோய் அரித்த ஒரு கறுப்பு ஓட்டை.

இடம் மாறி உட்கார்ந்துவிட்டதா?

எத்தனையோ ஓட்டைகளைப் பார்த்தவள்தான். முகங்களை மறந்து விலா எலும்புகளை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோமே என்று சில நாள் தன்னையே வெறுத்ததுண்டு. ஆனால் இந்த ஓட்டை வேறு மாதிரி இருந்தது. இருட்டான வீட்டின் ஜன்னலில் யாரோ நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்ப்பது போல. கண்ணை எடுத்தாள். எடுத்த பிறகும் அது பார்த்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு ஸ்பீக்கரில், மெதுவாக, "அனுப்ப முடியாதாம். நீயே பக்குவமா சொல்லிடும்மா," என்றார்.

டெய்லரம்மா அதற்குள் மறுபடியும் சொந்தத் துணிக்கு மாறியிருந்தாள். "என்ன எக்ஸ்ரேம்மா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க? பொண்ணை மேல வரச் சொல்லட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டி வரும்மா."

"கொஞ்ச நாள்னா?"

"வலது பக்கமும் வந்திருக்கு. மருந்து மாத்துவாங்க. சரியாயிடும்." சொல்லும்போதே தன் குரல் தனக்கே பொய்யாகப் பட்டது.

டெய்லரம்மா அழவில்லை. ஒவ்வொரு ஊக்காகக் கழற்ற ஆரம்பித்தாள். வாடிக்கையாளரின் துணியை அளவு தப்பியதற்காகப் பிரிப்பவளைப் போல நிதானமாக. "பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. ரொம்ப நேரமா நிக்கிறா."

எக்ஸ்ரேக்காரி கையுறைக் கையால் அந்தத் தோளைத் தொட்டாள். இதெல்லாம் நமக்கு நடக்கவில்லையே என்று உள்ளே எங்கோ ஒரு மூலை ஆறுதல் அடைந்தது. அந்த மூலையை நினைத்துக் கூசினாள்.

கதவைத் திறக்கப் போனபோது கண்ணாடியில் உள்ளங்கை பதிந்தது. அண்ணன். "திறக்காத. அங்கேயே நில்லு."

"என்னண்ணே?"

"தட்டு மாறிப்போச்சு. காலைல எடுத்த ஒண்ணு அடுக்குல படிக்காம கிடந்துச்சு, அதை முதல்ல விட்டுட்டேன். டெய்லரம்மா படம் இப்பத்தான் வந்துச்சு. ரெண்டு பக்கமும் சுத்தம். அவங்க போகலாம்."

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எக்ஸ்ரேக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாவி அண்ணே, உசுரே போயிடுச்சு! அப்ப அந்த ஓட்டை யாரோடது?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ இன்னிக்கு வீட்டுக்குப் போகாதம்மா."